டிப்பருக்கு மட் பிளாப் ஹோல்டர் தேடி மாட்டுவது எப்படி: அளவெடுப்பதிலிருந்து அலங்காரம் வரை

புதிதாக டிப்பர் எடுத்தவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். எவர்சில்வர் பட்டை, ரேடியம் ஸ்டிக்கர், குஞ்சம் எல்லாம் முதல் வாரமே வந்துவிடும். அடுத்து, கல்லும் சேறும் பின்னால் தெறிக்காமல் டயருக்குப் பின்னே தொங்கும் மட் பிளாப் ரப்பர். அதைத் தாங்கி நிற்கவேண்டிய ஹோல்டர் கடைசியாகத்தான் ஞாபகத்துக்கு வரும். அதற்குள் கையிருப்பு கரைந்திருக்கும். பக்கத்துப் பட்டறையில் ஒரு ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) துண்டைச் சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், வெல்டிங் வைத்து ரப்பரைத் தொங்கவிட்டு வண்டியை அனுப்பிவிடுவார்கள். நாலாவது லோடு கொட்டும்போது அது பிய்ந்து குவியலுக்கடியில் கிடக்கும்.

ராதாபுரம் பக்கம் கல் உடைக்கும் கிரஷர் ஒன்றில் டிப்பர் பராமரிப்பு என் வேலை. இதே தப்பை வருடத்துக்கு நாலைந்து பேராவது செய்வதைப் பார்த்துவிட்டேன். சரியான வரிசை இது: வண்டியில் இடம் பார்ப்பது, ஹோல்டர், ரப்பர், சட்டப்படி வேண்டிய ரிஃப்ளெக்டர் டேப், அதற்குப் பிறகுதான் அலங்காரம். ஒவ்வொன்றின் அளவும் அதற்கு முந்தையதைப் பொறுத்தே அமைவதால் வரிசையை மாற்ற முடியாது.

இந்த வேலையில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பின்பக்கம் இரட்டை டயர் இடுக்கில் கல் ஒன்று சிக்கிக்கொண்டால், வண்டி வேகம் பிடித்ததும் அது பின்னால் சீறும். தென்காசி ரோட்டில் டேங்க் மேல் பிள்ளையை உட்கார வைத்து பைக் ஓட்டுகிறவர்கள் நம் வண்டிக்குப் பின்னால்தான் வருகிறார்கள். அந்தக் கல்லுக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவே இருப்பது இந்த ரப்பர் ஒன்றுதான்.

1. கடைக்குப் போகுமுன் கையில் இருக்கவேண்டியவை

அளவு டேப், சாக்பீஸ், ஒரு பெரிய அட்டை, போன் கேமரா. இவ்வளவு போதும். வண்டியின் மாடல் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யிலிருந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

"அண்ணாச்சி, டிப்பருக்கு மட் பிளாப் ஹோல்டர் இருக்கா?" என்று வெறுங்கையோடு போய் நின்றால், "எந்த வண்டி? எத்தனை வீலு? சேசிஸ்ல மாட்டவா, பாடியில மாட்டவா?" என்று மூன்று கேள்வி வரும். மூன்றாவது கேள்விக்குத்தான் எல்லோரும் முழிப்பார்கள். கடைக்காரர் இருப்பதை எடுத்துக் கொடுப்பார், நாமும் வாங்கி வருவோம், ஓட்டை ஒன்றோடொன்று சேராது. டேப்பை வைத்து எடுத்த நாலு போட்டோவைக் காட்டினால் அவருக்கும் வேலை சுலபம், நமக்கும் இரண்டாம் நடை மிச்சம்.

2. அளவை மூன்று நிலையில் எடுங்கள்

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். காலி வண்டியில் மட்டும் அளந்துவிட்டுப் போய்விடுவார்கள். டிப்பருக்கு மூன்று நிலை உண்டு: காலி, லோடு, பாடி தூக்கிய நிலை. மூன்றிலும் அளவு வேறுபடும்.

முதலில் காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் டயர்களின் மொத்த அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 10.00 ஆர் 20 டயர் போட்ட வண்டியில் ஒரு பக்கத்து இரட்டை டயர் இரண்டடிக்குச் சற்று முன்பின்னாக வரும். பிளாப்பின் அகலம் அந்த இரட்டை டயரை முழுதாக மூட வேண்டும். ஒரு டயரை மட்டும் மூடும் பிளாப் இருந்தும் பயனில்லை, கல் சிக்குவதே இரண்டுக்கும் நடுவில்தான்.

அடுத்து, டயரின் பின்விளிம்புக்கும் ஹோல்டர் வரப்போகும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. அரைச் சாணுக்குக் குறையாமலும் ஒரு சாணுக்கு மிஞ்சாமலும் இருந்தால் நல்லது. ரொம்ப ஒட்டி வைத்தால், மேடு பள்ளத்தில் ஆக்ஸில் ஆடும்போது டயர் உரசி ரப்பரைத் தின்னும். ரொம்பத் தள்ளி வைத்தால் கல் கீழ்விளிம்புக்கு அடியில் புகுந்து போய்விடும்.

பிறகு லோடோடு நிறுத்தி, ஹோல்டர் இடத்துக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளக்க வேண்டும். லோடு ஏறினால் ஸ்பிரிங் பட்டை அமுங்கிச் சேசிஸ் இறங்கும். காலி வண்டியில் அளந்து வெட்டிய ரப்பர் லோடில் தரையைத் தேய்த்துக்கொண்டே வரும். ரோட்டில் ஓடும் வண்டிக்கு, லோடு நிலையில் ரப்பரின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஒரு சாண், அதாவது 9 இஞ்ச் மேலே நிற்கலாம். குவாரிக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு 12 இஞ்ச் விடுங்கள்.

மூன்றாவது, பாடியைத் தூக்கிய நிலை. டிப்பரின் பாடி பின்கோடியில் இருக்கும் ஹிஞ்ச் பின்னில் (கீல் போன்ற அச்சில்) சுழல்கிறது. அந்தப் பின்னுக்கு முன்னால் இருப்பதெல்லாம் மேலே போகும், பின்னால் நீண்டிருக்கும் பாடியின் வால் மட்டும் கீழே இறங்கும். அந்த வால் இறங்கும் வழியில் ஹோல்டர் இருந்தால் முதல் லோடிலேயே நசுங்கிவிடும். ஆகவே பாடியை முழு உயரத்துக்குத் தூக்கி, வால் எதுவரை வருகிறது என்று தள்ளி நின்று பார்த்துச் சாக்பீஸால் குறியுங்கள். போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைச் செய்யும்போது பாடி காலியாக இருக்க வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும், தலைக்கு மேல் மின்கம்பி இருக்கக் கூடாது. தூக்கிய பாடிக்குக் கீழே போகவேண்டி வந்தால், சப்போர்ட் கம்பியை நிறுத்தாமல் தலையை நீட்டாதீர்கள். பாடியைத் தூக்கும் ஜாக்கியில் எண்ணெய் கசிந்தால் பாடி முன்னறிவிப்பு இல்லாமல் இறங்கும். "ஒரு நிமிஷந்தானே" என்று சொல்லும் பையன்களை நான் கையைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறேன்.

3. ஹோல்டரை எங்கே மாட்டுவது

இரண்டு வழி: சேசிஸ் அல்லது பாடி. பாடியில் மாட்டினால் பாடி ஆடும் ஆட்டமெல்லாம் ஹோல்டருக்கும் வரும். ஹிஞ்சுக்குப் பின்னால் மாட்டினால் கொட்டும்போது பிளாப் கீழே இறங்கி டயருக்கு அடியில் போய்ச் சிக்கும். ஆகவே சேசிஸே மேல். அதிலும் ஹிஞ்சுக்குச் சற்று முன்னால், சேசிஸின் பக்கவாட்டு முகத்தில் கம்பெனி விட்டிருக்கும் ஓட்டைகளைப் பாருங்கள். அந்த ஓட்டைகளின் குறுக்களவு, இரண்டு ஓட்டைக்கும் நடுவே உள்ள தூரம், இரண்டையும் அட்டையில் அச்செடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். கடைக்கும் பட்டறைக்கும் அந்த அட்டையைத்தான் எடுத்துப் போக வேண்டும்.

சேசிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் புதிதாக ஓட்டை போடாதீர்கள், வெல்டிங்கும் வைக்காதீர்கள். வண்டி தாங்கும் பளுவின் இழுவையும் அழுத்தமும் அந்த இரண்டு விளிம்பில்தான் உச்சமாக இருக்கும். அங்கே விழும் சின்ன ஓட்டையிலிருந்து விரிசல் ஓடும். வாரண்டி உள்ள வண்டியானால் அந்த உரிமையும் கேள்விக்குள்ளாகும்.

4. எந்த வகை ஹோல்டர்

நேர் ஆங்கிள், உருட்டுக் கம்பி, ஸ்பிரிங் வைத்தது என்று மூன்று வகை புழக்கத்தில் இருக்கின்றன.

ஆங்கிள் மலிவு, எந்தப் பட்டறையிலும் செய்யலாம். ஆனால் வளையாது. ரிவர்ஸில் குவியல் மேல் டயர் ஏறும்போது ரப்பரையும் சேர்த்து மிதிக்கும், வண்டி நகர்ந்ததும் ரப்பர் கீழே இழுபடும். வளையாத ஹோல்டர் என்றால் அந்த இழுவை நேராகச் சேசிஸ் போல்ட்டுக்குப் போகும். உருட்டுக் கம்பி கொஞ்சம் நெகிழும், வளைந்தாலும் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். ஸ்பிரிங் ஹோல்டரில் அடிப்பகுதியில் கனத்த சுருள் இருக்கும். குவியலில் மோதினால் சாய்ந்துகொடுத்து, விட்டதும் நேரே நிற்கும்.

புதியவர்கள் "நல்லா ஸ்ட்ராங்கா செஞ்சு குடுங்க" என்று பட்டறையில் கேட்கிறார்கள். நான் சொல்வது இதற்கு நேர்மாறு. ஏதாவது ஒன்று போகத்தான் போகிறது என்றால் மலிவானது முதலில் போகட்டும். முதலில் ரப்பர் கிழிய வேண்டும், அதற்குப் பிறகு ஹோல்டர் வளைய வேண்டும், சேசிஸுக்கு எதுவும் ஆகக் கூடாது. ரப்பருக்கு மேல் கனத்த தகடு வைத்து, 16 மி.மீ. போல்ட் போட்டு, ஆங்கிளை இரட்டிப்பாக்கி வைத்திருந்த ஒரு வண்டியில் சேசிஸ் ஓட்டையே முட்டை வடிவமாகிப் போனதைப் பார்த்தேன். ரப்பர் மட்டும் கிழிந்திருந்தால் அரை மணி நேர வேலையோடு முடிந்திருக்கும்.

தினமும் ஏழெட்டு லோடு குவியலில் கொட்டும் வண்டிக்கு ஸ்பிரிங் ஹோல்டர் வாங்குங்கள். வீடு கட்டும் இடங்களுக்கு எம்.சாண்ட் அடிக்கும் 6 வீல் வண்டிக்கு உருட்டுக் கம்பி போதும்.

இன்னொரு நல்ல ஏற்பாடு: ரப்பரின் கீழ்மூலை இரண்டிலும் சின்னச் சங்கிலி கோத்து, சேசிஸில் ஒரு கொக்கி வைப்பது. கொட்டப் போகுமுன் ரப்பரைத் தூக்கி மாட்டலாம், ரோட்டுக்கு வருமுன் இறக்கலாம். ஆனால் இறக்க மறந்தால் மாட்டியதற்கே அர்த்தமில்லை. கொட்டி முடித்துப் பின்கதவு பூட்டைப் பார்க்கும்போதே சங்கிலியையும் பார்ப்பது என்று டிரைவருக்குப் பழக்கிவிடுங்கள்.

5. எங்கே தேடுவது

முதலில் கம்பெனி டீலரின் ஸ்பேர்ஸ் கவுண்டர். டாடா, அசோக் லேலண்ட், பாரத்பென்ஸ் எதுவானாலும் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் அந்த வண்டிக்குரிய பிராக்கெட்டைப் பார்த்துச் சொல்வார்கள். விலை கூடுதல்தான், சிலசமயம் நாலைந்து நாள் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் ஓட்டை சரியாகச் சேரும். வாரண்டிக் காலத்தில் இருக்கும் வண்டிக்கு வேறு யோசனையே வேண்டாம்.

இரண்டாவது, திருநெல்வேலி பைபாஸ் ஓரங்களிலும் வள்ளியூர், தென்காசி, கோவில்பட்டி போன்ற ஊர்களிலும் இருக்கும் லாரி ஸ்பேர்ஸ் கடைகள். இங்கே கிடைப்பது எல்லா வண்டிக்கும் பொதுவான ஹோல்டர். அட்டை அச்சை அதன்மேல் வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இடது, வலது என்று இரண்டு வடிவம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு இடதுபக்கத்து ஹோல்டரை வாங்கி வந்து ஒன்றைத் திருப்பி மாட்டப் பார்த்தவர்கள் உண்டு. திருப்பினால் வளைவு டயர் பக்கம் வந்துவிடும்.

மூன்றாவது, பாடி கட்டும் பட்டறை. அளவு வித்தியாசமாக இருந்தாலோ, பழைய வண்டியானாலோ இதுவே நல்லது. அட்டையைக் கொடுத்து, "ஹோல்டரைத் தனியாச் செஞ்சு குடுங்க அண்ணாச்சி, வண்டியில வெல்டிங் வேண்டாம். போல்ட் போட்டு மாட்டிக்கிடுதோம்" என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பழக்கத்தில் வண்டியிலேயே வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள்.

நான்காவது, பழைய இரும்புக் கடை. உடைத்த வண்டிகளின் கம்பெனி ஹோல்டர் அருமையாகக் கிடைக்கும். வாங்குமுன் வளைவுகளைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். பெயிண்டுக்கு அடியில் மயிரிழை விரிசல் ஒளிந்திருக்கும். விரிசல் மேல் வெல்டிங் வைத்து ஒப்பேற்றியதை வாங்கக் கூடாது.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் லாரிச் சாமானுக்குப் பேர்போனது என்பதால் "அங்க போய் வாங்கிட்டு வந்திடலாம்" என்பார்கள். ஒரு ஜோடி ஹோல்டருக்காகப் போவதில் பயனில்லை. நாலைந்து வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றாகச் சேர்ந்து எழுதிக் கொடுத்துப் பார்சலில் வரவழைத்தால் கட்டுப்படியாகும்.

ஆன்லைனில் ஸ்பிரிங் ஹோல்டர் கிடைக்கிறது. அதில் பல வெளிநாட்டு வண்டிகளின் சேசிஸுக்குச் செய்தவை. படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம் மி.மீ. கணக்கில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

எங்கே வாங்கினாலும் ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் முன்னாடியே வாங்கிவிடுங்கள். பூஜைக்கு முந்தைய வாரங்களில் எல்லா வண்டிக்கும் வேலை நடக்கும், பட்டறையில் நிற்க இடமிருக்காது. அது முடிந்த கையோடு ஐப்பசி மழை தொடங்கிவிடும். ரப்பர் இல்லாத வண்டி படும் பாடு அப்போதுதான் தெரியும்.

6. ரப்பரைத் தேர்ந்தெடுப்பது

ஹோல்டர் கைக்கு வந்த பிறகே ரப்பர். 24 இஞ்ச் அகலம் பொதுவாக எங்கும் கிடைக்கும், நீளத்தை உங்கள் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். கனம் 8 மி.மீ. இருந்தால் பெரிய டிப்பருக்குச் சரி.

மட்ட ரப்பரைக் கண்டுபிடிக்க ஒரு மூலையை இரண்டாக மடித்து அழுத்துங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தாலோ, மயிர்போல வெடித்தாலோ அது பழைய ரப்பரை அரைத்துச் செய்தது. போல்ட் ஓட்டையிலிருந்து சீக்கிரமே கிழியும். பிளாஸ்டிக் பிளாப் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் நம் ஊர்க் கத்திரி வெயிலில் இரண்டு கோடை தாண்டுவதற்குள் விறைத்துப்போய்க் கல் பட்டதும் பிளந்துவிடும்.

கிரஷர்காரர்கள் தேய்ந்த கன்வேயர் பெல்ட்டை வெட்டி மாட்டுவதுண்டு. நானும் மாட்டியிருக்கிறேன். உள்ளே துணி அடுக்கு இருப்பதால் லேசில் கிழியாது. கிழியாது என்பதே அதன் குறையும்கூட, இழுவை முழுக்க ஹோல்டருக்குப் போகும். எடையும் அதிகம். இரண்டடி அகலம், இரண்டரை அடி நீளத்தில் 8 மி.மீ. ரப்பர் நாலரைக் கிலோவுக்கு மேல் வரும், 12 மி.மீ. பெல்ட் ஏழு கிலோவை எட்டும். கரிசல் காட்டில் ஓடும் வண்டியில் அதன்மேல் சேறும் அப்பிக்கொள்ளும். பெல்ட்தான் என்றால் ஸ்பிரிங் ஹோல்டரோடு மட்டும் போடுங்கள்.

மண்ணைப் பொறுத்தும் யோசிக்க வேண்டியிருக்கிறது. சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஈரத்தில் பசைபோல ஒட்டும், அங்கே வரிவரியாக இல்லாத வழவழப்பான ரப்பர் நல்லது. நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் செம்மண்ணும் கல்லும், அங்கே கனம் முக்கியம். செங்கோட்டை, குற்றாலம் பக்கம் ஓடும் வண்டிக்கு ஆனி ஆடிச் சாரலும் சேர்ந்து வருடத்தில் இரண்டு மழைக்காலம். முன் டயருக்குப் பின்னாலும் ரப்பர் போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சேறு முழுக்க ஏர் டேங்க், பேட்டரிப் பெட்டி மேல்தான்.

7. மாட்டுவது

வெல்டிங் ஏதும் வண்டியிலேயே செய்யவேண்டிய கட்டாயம் வந்தால் முதலில் இதைப் படியுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் இன்ஜின், யூரியா அமைப்பு, புகைக்குழாய் சென்சார் எல்லாம் கம்ப்யூட்டரில் ஓடுகின்றன. பேட்டரி ஒயரைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் அந்த மின்சாரம் வழிமாறி ஓடி, ஒரு சின்ன சென்சாரிலிருந்து பெரிய கண்ட்ரோல் யூனிட் வரை எதை வேண்டுமானாலும் எரிக்கும். பேட்டரியில் மைனஸ் முதலில், பிறகு பிளஸ் கழற்றுங்கள். கண்ட்ரோல் யூனிட்டின் கனெக்டரையும் கழற்றச் சொல்லி டீலரிடம் கேளுங்கள். எர்த் கிளாம்ப், வெல்டிங் வைக்கும் இடத்துக்கு ஒட்டியே இருக்க வேண்டும். பக்கத்தில் பிரேக் ஓஸ், நைலான் ஏர் டியூப், ஏ.பி.எஸ். ஒயர் எது போகிறது என்று பாருங்கள். இத்தனை தொல்லையைத் தவிர்க்கத்தான் ஹோல்டரைத் தனியாகச் செய்து போல்ட்டில் மாட்டச் சொல்கிறேன்.

ஹோல்டருக்கு வாங்கியதும் ஒரு கை ரெட் ஆக்சைடு, அதன்மேல் கறுப்புப் பெயிண்ட். கூடங்குளம், உவரி, திசையன்விளைப் பக்கம் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிக்கு இதை விடவே கூடாது. முடிந்தால் ஜி.ஐ. போல்ட் வாங்குங்கள்.

சேசிஸ் போல்ட்டுக்கு 12 மி.மீ., தலையில் 8.8 என்று பொறித்தது வேண்டும். 19 ஸ்பானர் சேரும். ரப்பரைப் பிடிக்க 10 மி.மீ. போதும், அதற்கு 17 ஸ்பானர். எல்லாவற்றுக்கும் உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட் போடுங்கள். சாதாரண நட் குவாரி ரோட்டு அதிர்வில் தானாகக் கழன்று போகும். ஒருமுறை கழற்றிய நைலாக் நட்டைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம், உள்ளிருக்கும் வளையத்தின் பிடி போயிருக்கும்.

ரப்பரில் ஓட்டை போட டிரில் எடுக்காதீர்கள். பிட் ரப்பரை முறுக்கிக் கிழிக்கும், ஓட்டையின் ஓரம் பிசிறாகும், கிழிசல் அந்தப் பிசிறிலிருந்தே தொடங்கும். ஜி.ஐ. பைப் துண்டின் நுனியைக் கிரைண்டரில் கூராக்கி, ரப்பரைக் கட்டை மேல் வைத்து, பைப்பைச் சுத்தியலால் ஒரே அடி. வட்டமாக வெட்டுப்படும்.

24 இஞ்ச் அகலத்துக்கு ஐந்து ஓட்டை: ஒரு ஓரத்திலிருந்து 2, 7, 12, 17, 22 இஞ்சில். மேல்விளிம்பிலிருந்து 2 இஞ்ச் கீழே. பிறகு ரப்பரை ஹோல்டருக்கும் ஒரு இரும்புப் பட்டைக்கும் நடுவே வைத்து இறுக்க வேண்டும். 40 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனப் பட்டை சரியாக இருக்கும். பட்டை இல்லாமல் வாசர் மட்டும் வைத்து முடுக்குவது புதியவர்கள் செய்யும் இன்னொரு தப்பு. எடை முழுவதும் ஐந்து ஓட்டையில் தொங்கும், ஒன்று கிழிந்தால் அடுத்தடுத்து நாலும் கிழியும். பட்டை இருந்தால் எடை முழு அகலத்துக்கும் பரவும்.

எல்லாப் போல்ட்டையும் கையால் முடுக்கிவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பைய இறுக்கிக்கொண்டு போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் ரப்பர் உப்பி நிற்கும்.

மாட்டியதும் பாடியை ஒருமுறை முழுதாகத் தூக்கி இறக்கிப் பாருங்கள். பின்கதவைத் திறந்தும் பாருங்கள். பிறகு யாராவது ஒருவரைப் பக்கவாட்டில், டிரைவர் கண்ணில் படும்படி நிறுத்தி, பைய ரிவர்ஸ் எடுத்துச் சின்னக் குவியலில் டயரை ஏற்றிச் சோதியுங்கள்.

8. ரிஃப்ளெக்டர், நம்பர் பிளேட், விளக்கு

அலங்காரத்துக்கு முன்னால் இதை முடிக்கச் சொல்வதற்குக் காரணம், நல்ல இடத்தையெல்லாம் ஸ்டிக்கர் பிடித்துக்கொண்டால் டேப் ஒட்ட இடமிருக்காது என்பதுதான். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. அங்கீகார முத்திரை டேப்பிலேயே அச்சாகியிருக்கும் சரக்கை மட்டும் வாங்குங்கள். ஒட்டியதற்கான சான்றைக் கையோடு வாங்கி வையுங்கள், ஃபிட்னஸுக்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) கேட்பார்கள். வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், பிறகு வருடாவருடமும் ஃபிட்னஸ் எடுக்க வேண்டியிருப்பதால் இந்தச் சான்று அடிக்கடி தேவைப்படும்.

ஒட்டுமுன் பாடியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, காய்ந்தபின் தின்னர் தொட்டுத் துடையுங்கள். கல்தூசி மேல் ஒட்டிய டேப் ஒரு மழைக்குத் தாங்காது. மட் பிளாப்போ அதன் ஹோல்டரோ பின்விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மறைக்கிறதா என்று இருபதடி தள்ளி நின்று பாருங்கள்.

9. அலங்காரம்

இப்போது மனசுக்குப் பிடித்ததைச் செய்யலாம். வண்டியை அழகாக வைத்துக்கொள்கிற டிரைவர் அதைக் கவனமாகவும் வைத்துக்கொள்கிறார், நான் பார்த்தவரை.

எவர்சில்வர் பட்டை, வீல் கப், நட் கேப் வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். காந்தம் ஒட்டினால் முலாம் பூசிய இரும்பு என்பது பெரும்பாலும் சரி. ஆனால் ஒட்டாததெல்லாம் உயர்ந்த ரகம் என்று நம்ப வேண்டாம். விலை குறைந்த 202 ரகமும் ஒட்டாது. கடலோரம் ஓடும் வண்டிக்கு 304 என்று கேட்டு, பில்லில் அந்த எண்ணை எழுதி வாங்குங்கள். வீல் நட்டுக்குக் கேப் போட்டாலும் வாரம் ஒருமுறை கழற்றி நட்டைச் சோதிக்க வேண்டும். கேப் மூடியிருப்பதால் தளர்ந்தது கண்ணில் படாது.

எல்.இ.டி. விளக்கில் முதல் தப்பு வோல்ட். பெரிய டிப்பர்களில் 24 வோல்ட், கடையில் மலிவாகத் தொங்கும் சரங்கள் பெரும்பாலும் கார், பைக்குக்கான 12 வோல்ட். மாட்டிய நிமிடமே போய்விடும். இரண்டாவது தப்பு, ஹெட்லைட் ஒயரைச் சீவி அதில் இணைப்பது. பி.எஸ். 6 வண்டியில் அது எச்சரிக்கை விளக்கை எரியவைக்கும், ஒயர் சூடாகித் தீப்பிடிக்கவும் செய்யும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸும் ரிலேயும் வைத்துத் தனி ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். எதிரே வருகிறவருக்குத் தெரியும்படி முன்னால் சிவப்பு விளக்கு போடச் சட்டத்தில் இடமில்லை. புளியரை தாண்டிக் கேரளம் போகும் வண்டியானால் அலங்கார விளக்கே வேண்டாம், அங்கே கெடுபிடி அதிகம். பலகுரல் ஏர் ஹாரனுக்கும் மோட்டார் வாகன விதியில் தடை உண்டு. முன் பம்பரில் கூடுதல் கிராஷ் கார்டு வைப்பதையும் 2017 டிசம்பரில் மத்திய அரசு தடுக்கச் சொல்லிவிட்டது. இந்த மூன்றுக்கும் செலவழிக்கும் காசை ஸ்பிரிங் ஹோல்டரில் போடலாம்.

பெயர் எழுதுவதில் ஒன்றே ஒன்று. சுடலைமாடன் துணை, இசக்கியம்மன் துணை, முத்தாரம்மன் துணை என்று எது எழுதினாலும் கேபின் நெற்றியிலோ பாடியின் முன்பலகையிலோ எழுதுங்கள். மட் பிளாப்பில் எழுதாதீர்கள். அது சேற்றையும் சாணியையும் வாங்குகிற இடம். குலசை (குலசேகரன்பட்டினம்) முத்தாரம்மன் கோவிலுக்கு மாலை போட்ட டிரைவர் ஒருவர் தன் வண்டியில் அப்படி எழுதியிருந்ததைப் பார்த்து மனசு கேட்காமல் ரப்பரையே கழற்றி வைத்துவிட்டார், வண்டி ஒரு வாரம் பிளாப் இல்லாமல் ஓடியது. பிளாப்பில் எழுத்தே தேவையில்லை. வேண்டுமென்றால் ஊர்ப் பெயரை எழுதலாம்.

எலுமிச்சை மிளகாய், கறுப்புக் கயிறு, குஞ்சம் எல்லாம் வண்டிக்கு வெளியே பார்வையை மறைக்காத இடத்தில் கட்டினால் சரி. கண்ணாடிக்கு உள்ளே தொங்கவிடுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்வதே இல்லை. டிப்பரின் கேபின் உயரம். முன் கண்ணாடிக்குக் கீழேயும் இடதுபக்கக் கதவு ஓரமும் ஒரு சின்னப் பிள்ளை நின்றால் டிரைவருக்குத் தெரியாது. அதில் மாலையும் மணியும் தொங்கினால் தெரிகிற கொஞ்சமும் மறையும். சாமி படம் டேஷ்போர்டில் இருக்கட்டும், கண்ணாடியின் நடுவில் ஒன்றும் வேண்டாம். பக்கக் கண்ணாடிகளின் தாங்கு கம்பியில் குஞ்சம் கட்டாதீர்கள், காற்றில் பறந்து கண்ணாடியை மறைக்கும்.

10. முதல் வாரம்

முதல் நாள் லோடு முடிந்ததும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும் எல்லாப் போல்ட்டையும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள். புது ரப்பர் அழுத்தத்தில் கொஞ்சம் மெலியும், அதனால் முதல் வாரத்தில் பட்டை தளரும். அதைத் திரும்ப இறுக்கிவிட்டால் பிறகு மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

நாலுவழிச் சாலையில் வேகமாகப் போகும்போது ரப்பர் பின்னால் பறக்கிறதா என்று பின்னால் வருகிற வண்டிக்காரரிடம் பார்க்கச் சொல்லுங்கள். பறந்தால் கீழ்விளிம்பில் மெல்லிய பட்டை ஒன்று மாட்டலாம். கனமானது வேண்டாம், அதுவே ஆடி ஆடி மேலே ஓட்டையைக் கிழிக்கும்.

குவாரியை விட்டு ரோட்டுக்கு ஏறுமுன் இரட்டை டயர் இடுக்கில் கல் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்து, இருந்தால் கடப்பாறை நுனியால் தட்டி எடுங்கள். பிளாப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த வேலையை அது செய்யாது. டூல் பாக்ஸில் 10 மி.மீ. போல்ட் நாலு, நைலாக் நட் நாலு, ஒரு பட்டைத் துண்டு, 17 ஸ்பானர் போட்டு வையுங்கள். ரப்பர் வழியில் கிழிந்தால், மீதி ரப்பரை அங்கேயே கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டு ஊர்வந்து சேரலாம்.